மக்கள் கலைஞர் பால் ராப்சன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் இசையும் நாடகமும் இல்லாமல் நமக்கு நிறைவு பிறப்பதில்லை. தாய்நாட்டை விட்டு வந்த தமிழர் எங்கே பத்துப் பேர் கூடினாலும் அங்கே ஒரு மேடை எழும். மேடை எழுந்தால் ஒரு நாடகம் நடக்கும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த நம் முன்னோரும் சரி, அலுவலகங்களில் எழுத்து வேலைக்கென்று மாதுங்காவிலும் பின்னர்ச் செம்பூரிலும் குடியேறியவரும் சரி, கலையைத் துணையாகக் கொண்டே இந்த மாநகரில் காலூன்றினர். ஆகவே இன்று ஒரு நடிகரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப் புகுகின்றோம். அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். அமெரிக்க நாட்டில் அடிமையாயிருந்த ஒருவரின் மகனாகப் பிறந்து, நாடக மேடையிலும் திரைப்படத்திலும் இசையரங்கிலும் உலகப் புகழ் பெற்ற கறுப்பினக் கலைஞர் பால் ராப்சனே அவர்.

தமிழ்ச் சங்கத்தின் விழாவில் அமெரிக்க நடிகரைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வினவுதல் முறையே. அதற்கு விடைகள் இரண்டு. நாம் வாழும் இந்நகரத்துக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம். அவர் வாழ்க்கை நம்மை நோக்கிக் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. அதனை இறுதியில் எடுத்துக்கொள்வோம்.

ராப்சன் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிரின்ஸ்டன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் வில்லியம் ட்ரூ ராப்சன், வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்தாம் வயதில் தப்பி ஓடி விடுதலை தேடிக்கொண்டவர். பின்னர்க் கல்லூரியில் பயின்று கிறித்தவ சபையின் போதகரானார். ஆனால் அப்பதவியும் நிலைக்கவில்லை. போதகராய் வீற்றிருந்தவர் அதே ஊரில் சாம்பல் வண்டி ஓட்டிப் பிள்ளைகளைக் காக்க வேண்டியதாயிற்று. அதற்காக அவர் தலை குனியவில்லை என்பதை மகன் நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார். பால் ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கையில் தாயார் அடுப்புத் தீக்கு இரையாகி மறைந்தார். தாயற்ற பிள்ளைக்குத் தந்தையே தாயும் ஆசானும் ஆனார். சொல்லைத் திருத்தமாகச் சொல்லவும், அவையின் முன் அஞ்சாது நிற்கவும் அவரே பயிற்றுவித்தார். பிற்காலத்தில் உலகம் கேட்டு வியந்த குரல், அந்த ஏழைப் போதகரின் வீட்டுக் கூடத்திலேதான் முதற்பயிற்சி பெற்றது.

1915இல் போட்டித் தேர்வில் வென்று உதவித்தொகை பெற்று ரட்கர்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். அக்கல்லூரியின் வரலாற்றில் அவர் மூன்றாவது கறுப்பின மாணவர். கால்பந்து அணியில் இடம் கேட்டு முதல் நாள் களத்தில் இறங்கியபோது, எதிரணியினர் அல்லர், தம் கல்லூரி மாணவரே அவரைத் தாக்கினர். மூக்கு உடைந்தது, காலணியால் மிதிபட்டுக் கை நகங்கள் பெயர்ந்தன. சில நாள் படுக்கையில் கிடந்தவர் மீண்டும் களத்துக்கு வந்தார். 1917, 1918 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரருள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விளையாட்டில் வென்றவர் படிப்பில் பின்தங்கவில்லை. 1919இல் பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் உரையாற்றும் பெருமை அவருக்கே கிடைத்தது. அதன் பின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1923இல் தேறினார்.

சட்டம் கற்றவர் மேடைக்கு வந்தது எங்ஙனம்? நம் நாட்டிலும் வழக்கறிஞர் நாடகக் கலைஞரான வரலாறு உண்டு. 1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் விளங்கிக்கொண்டே நாடகத்துக்கு ஏற்றம் தந்தவர். 'கூத்தாடி' என்று இகழப்பட்ட தொழிலைக் கற்றோர் மதிக்கும் கலையாக்கியவர்களுள் அவர் முதல்வர். ஆனால் முதலியாருக்கு இரு கதவுகளும் திறந்திருந்தன; ராப்சனுக்கோ ஒரு கதவு முகத்தின் முன்னே சாத்தப்பட்டது. அவர் பணிக்குச் சேர்ந்த சட்ட அலுவலகத்தில், கறுப்பர் ஒருவர் சொல்வதைத் தாம் எழுத முடியாது என்று வெள்ளையரான எழுத்தர் ஒருவர் மறுத்துவிட்டார். அத்துடன் ராப்சன் அத்தொழிலை விட்டு நீங்கினார். நீதிமன்றம் இழந்த அந்த நா, நாடக மேடையை அடைந்தது.

1924இல் யூஜீன் ஓநீல் இயற்றிய நாடகங்களில் அவர் முதன்மை வேடம் ஏற்றார். அவற்றுள் ஒன்றில் கறுப்பினக் கணவனும் வெள்ளை மனைவியும் கதைமாந்தர். மனைவியாக நடிக்கும் வெள்ளையர் பெண் ராப்சனின் கையை முத்தமிடுவதாக ஒரு காட்சி. நாடகம் அரங்கேறுமுன்னரே கொலை மிரட்டல் கடிதங்கள் வந்து குவிந்தன. கறுப்பினச் சிறுவரும் வெள்ளைச் சிறுவரும் சேர்ந்து ஆடும் முதற்காட்சியில் குழந்தைகளை நடிக்கவைக்க நகர ஆட்சியாளர் இசைவு மறுத்தனர். இயக்குநர் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காட்சியை மேடையில் நின்று படித்துக் காட்டிவிட்டு, அதன் பின் நாடகத்தைத் தொடங்கினார். குழந்தைகள் கூடி ஆடுவதைக்கூட அஞ்சிய சமுதாயம் அது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், லாரன்ஸ் பிரவுன் என்னும் இசைவாணர் பியானோ வாசிக்க, ராப்சன் நியூயார்க்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடத்தினார். அன்று பாடியவை தம் இனத்தவரின் பாடல்களே. பருத்திக் காட்டில் அடிமைகளாய் உழன்றவர் துயரம் தாங்காது பாடிய பக்திப் பாடல்கள் அவை. ஏற்றம் இறைப்போரும் நாற்று நடுவோரும் பாடும் பாட்டைப் பெரிய அரங்கில் பாடத் துணிவதை ஒப்பது அச்செயல். எளியோர் பாட்டுக்கு இலக்கணம் இல்லை என்று ஒதுக்கியோர், மந்தர ஸ்தாயியில் கடலலைபோல் எழுந்த அக்குரலைக் கேட்டு அமைதியாயினர். பிற்காலத்தில் அவர் பல நாட்டுப் பாடல்களை அவ்வவர் மொழியிலேயே கற்றுப் பாடினார். லண்டனில் ஆப்பிரிக்க மொழிகளையும் முறையாகப் பயின்றார். தாய்மொழியை இழக்கவைக்கப்பட்ட இனத்தின் மகன், தம் மூதாதையரின் மொழிகளைத் தேடிச் சென்றதை, வேற்றுமொழிச் சூழலில் தமிழ் வகுப்பு நடத்தும் நாம் எளிதில் உணர்ந்துகொள்வோம்.

1928இல் லண்டன் நாடக மேடையில் 'ஷோ போட்' என்னும் இசை நாடகத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரைச் சுமைகூலியாக வந்து அவர் பாடிய பாட்டு உலகமெங்கும் பரவியது. இந்த நாட்டிலும் அது வேர்விட்டது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிலச் சென்ற அசாமியக் கலைஞர் பூபேன் அசாரிகா ராப்சனோடு பழகினார். அந்த ஆற்றுப் பாட்டின் தூண்டலால் பிரமபுத்திரையை நோக்கித் தாம் ஒரு பாட்டு இயற்றினார். மக்கள் துன்புற, நீ வாளா ஓடுவது ஏன் என்று ஆற்றை வினவும் அப்பாட்டு பல இந்திய மொழிகளில் ஒலித்தது. அசாரிகா 2011இல் மறைந்ததும் நமது மும்பையிலேதான்.

1930இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில் ராப்சன் தலைவனாக நடித்தார். ஒதெல்லோ, வெனிஸ் நாட்டுப் படைத்தலைவன், கறுப்பு நிறத்தவன். ஆயினும் வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு அந்த வேடத்தில் தோன்றுவதே வழக்கமாயிருந்தது. நூறாண்டுக்கு முன் ஐரா ஆல்டிரிட்ஜ் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர், சொந்த நாட்டில் மேடை கிடைக்காமல் ஐரோப்பா சென்று அவ்வேடத்தில் புகழ் பெற்றார். அவருக்குப் பின் அந்த இடத்தை நிரப்பியவர் ராப்சனே. மேடையில் படைத்தலைவனாக வரவேற்ற அதே லண்டன், அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பெரிய உணவு விடுதியில் அவருக்கு உணவு பரிமாற மறுத்ததும் உண்டு.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 1925இல் பேசாப்படம் ஒன்றில் தொடங்கி, 1933இல் 'எம்பரர் ஜோன்ஸ்', 1936இல் 'ஷோ போட்', 1940இல் 'பிரௌட் வேலி' எனப் பல படங்களில் அவர் நடித்தார். இவற்றினும் நாம் கருதிப் பார்க்க வேண்டியது 1935இல் வெளிவந்த 'சாண்டர்ஸ் ஆப் தி ரிவர்' என்னும் படம். ஆப்பிரிக்க மக்களின் பெருமையைத் திரையில் காட்டலாம் என்ற நம்பிக்கையோடு அவர் அதில் நடித்தார். முடிந்து வந்த படமோ வெள்ளையர் ஆட்சியைப் புகழ்ந்து பாடுவதாய், கறுப்பினத் தலைவனை ஆங்கில அதிகாரிக்கு அடங்கிய பணியாளாய்க் காட்டுவதாய் இருந்தது. ராப்சன் மனம் புண்பட்டார். அப்படத்தை வெளிப்படையாகவே பழித்துரைத்தார். பணமும் புகழும் தரும் தொழிலில், 'இந்தப் படம் என் இனத்தை இழிவு செய்கிறது' என்று அதில் நடித்தவரே சொல்வது எளிதன்று. வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோடு தோளோடு தோள் நிற்கும் தொழிலாளியாக வந்த 'பிரௌட் வேலி' அவர் மனத்துக்கு உகந்த படமாயிற்று. 1942இல் வந்த மற்றொரு படமும் கறுப்பினத்தாரைப் பேதையராகவே காட்டக் கண்டு, ஹாலிவுட்டை விட்டே விலகினார். வேலைக்காரன், கோமாளி, காட்டுவாசி என்னும் வேடங்களன்றி வேறு கொடுக்க மனமில்லாத திரையுலகம், ஒரு பெருங்கலைஞனை இழந்தது.

மேடையோ அவரை மீண்டும் அழைத்தது. 1943 அக்டோபர் 19ஆம் நாள் நியூயார்க்கின் பிராட்வே அரங்கில் 'ஒதெல்லோ' அரங்கேறியது. வெள்ளை நடிகர் குழுவோடு ஒரு கறுப்பினத்தவர் பிராட்வேயில் ஒதெல்லோவாக நடித்தது அதுவே முதன்முறை. 296 முறை தொடர்ந்து நடந்த அந்நாடகம், அங்கு ஷேக்ஸ்பியர் நாடகம் எதுவும் அதுகாறும் எட்டாத அளவை எட்டியது. பின்னர் ஊர் ஊராகச் சென்றபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமரவைக்கும் அரங்குகளில் நடிப்பதில்லை என்று குழுவினர் உறுதி பூண்டனர்.

அன்பர்களே! புகழின் உச்சியில் இருந்த இக்கலைஞர் அதனைக் காத்துக்கொண்டு வாழ்ந்திருக்கலாம். அவர் அவ்வழியைத் தேர்ந்துகொள்ளவில்லை. கலைஞன் அடிமைத்தனத்துக்கும் விடுதலைக்கும் நடுவே நின்று வாய்மூடி இருத்தலாகாது என்பது அவர் கொள்கை. 1938இல் ஸ்பெயின் போர்க்களத்துக்குச் சென்று வீரரிடையே பாடினார். அதே ஆண்டில் லண்டனில் ஜவகர்லால் நேருவுக்கு அளித்த வரவேற்பில் பங்குகொண்டு இந்திய விடுதலையை ஆதரித்தார். தம் நாட்டில் கறுப்பினத்தார் கொலையுண்பதை எதிர்த்து முழங்கினார். சோவியத் நாட்டோடு நட்பு வேண்டும் என்றார். 1952இல் அந்நாட்டின் அமைதிப் பரிசும் அவருக்கு அளிக்கப்பட்டது. ஸ்டாலின் ஆட்சியின் கொடுமைகளைக் குறித்து அவர் வெளிப்படையாகப் பேசாதது ஒரு குறை என்று கருதுவோர் உளர். நாமும் அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒருவர் கருத்தோடு மாறுபடுவது வேறு. அவர் வாயைக் கட்டுவது வேறு.

1949இல் நியூயார்க்கு மாநிலத்தில் பீக்ஸ்கில் என்னும் ஊருக்கருகே அவர் பாட இருந்த நிகழ்ச்சியை வன்முறைக் கும்பல் கலைத்தது. சில நாட்களுக்குப் பின் அவர் மீண்டும் அங்கே சென்று பாடியே தீர்த்தார். கேட்டுத் திரும்பியோர்மீது கல்மழை பொழிந்தது. 1950இல் அமெரிக்க அரசு அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. உள்நாட்டில் அரங்குகள் கதவடைத்தன. வெளிநாடு செல்லவும் வழியில்லை.

அப்போது நடந்தவற்றைக் கேளுங்கள். 1952 மே மாதம், கனடா எல்லையில் ஒரு லாரியின் மேல் ஏறி நின்று அவர் பாடினார். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் பல்லாயிரவர் கூடிக் கேட்டனர். கால் எல்லையைத் தாண்டவில்லை; குரல் தாண்டியது. 1957இல், கடலடியில் செல்லும் தொலைபேசிக் கம்பி வழியாக நியூயார்க்கிலிருந்து பாடினார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மண்டபத்தில் கூடிக் கேட்டனர். கேட்டபின் அவர்களும் அதே கம்பி வழியாக அவருக்குப் பாடினர். 1956இல் நாடாளுமன்ற விசாரணைக் குழுவினர், இந்நாடு பிடிக்கவில்லையெனில் ரஷ்யாவிலேயே தங்கியிருக்கலாமே என்று கேட்டபோது, தம் தந்தை அடிமையாய் உழைத்த நாடு இது, தம் மக்கள் உயிர் கொடுத்துக் கட்டிய நாடு இது, இதில் தமக்கும் பங்கு உண்டு என்னும் கருத்துப்பட விடையிறுத்தார். பிழைக்க வந்த ஊரில் 'உன் ஊருக்குப் போ' என்னும் சொல்லை என்றேனும் கேட்ட குடும்பத்தார் இவ்வவையில் இருப்பின், அந்த விடையின் அருமையை அவர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை.

இனி நம் நகரத்தின் தொடர்பைச் சொல்வோம். 1958 ஏப்ரல் 9ஆம் நாள் ராப்சனுக்கு அறுபது ஆண்டு நிறைந்தது. சொந்த நாடு அவரை மறக்க முயன்ற அந்நேரத்தில், இந்தியா அவருக்கு மணிவிழா எடுத்தது. அதற்கென அமைந்த அனைத்திந்தியக் குழுவின் தலைவர் யார்? அந்நாளில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக வீற்றிருந்த எம். சி. சாக்ளா அவர்களே! ராப்சன் பெருங்கலைஞர் என்பதனால் மட்டுமன்றி, மானிட கௌரவத்துக்காகத் துன்பம் ஏற்றவர் என்பதனாலும் இவ்விழா தக்கதே என்னும் பொருள்பட நேரு அறிக்கை விடுத்தார். விழாவை நடத்தவிடாது தடுக்க அமெரிக்க அரசு முயன்றது, நம்மவர் இணங்கவில்லை. நிறத்தின் பெயரால் சட்ட அலுவலகத்தை விட்டு வெளியேறிய ஒருவருக்கு, ஒரு மாநிலத்தின் தலைமை நீதிபதியே விழா எடுத்தார் என்பது இந்நகரம் என்றும் பெருமை கொள்ளத்தக்கது. அதே ஆண்டில் சாக்ளா அமெரிக்காவுக்கான இந்தியத் தூதராகச் சென்றதும் வரலாறு.

விழா நாளில் ராப்சன் இங்கு வந்திருக்க இயலாது. பாஸ்போர்ட் கையில் இல்லை. இரண்டு மாதங்களுக்குப் பின், 1958 ஜூனில், கொள்கை காரணமாகப் பாஸ்போர்ட்டை மறுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொருவர் வழக்கில் தீர்ப்பளித்தது. ராப்சனுக்கும் வழி திறந்தது. 1959இல் ஷேக்ஸ்பியர் பிறந்த ஊரிலேயே ஒதெல்லோவாக நடித்தார். 1960இல் ஆஸ்திரேலியாவில், கட்டி முடியாத சிட்னி இசைமன்றத்தின் சாரங்களுக்கிடையே, கட்டடத் தொழிலாளர்க்குப் பாடினார். அதன்பின் உடலும் உள்ளமும் நலிந்தன. 1963இல் நாடு திரும்பி ஒதுங்கி வாழ்ந்து, 1976 சனவரி 23ஆம் நாள் பிலடெல்பியாவில் மறைந்தார். கல்லூரிக் கால்பந்து வீரர்களின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் 1995இல்தான் சேர்ந்தது. 2004இல் அமெரிக்க அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது.

இத்தகைய கலைஞர் அயல்நாட்டில் மட்டும் பிறக்கவில்லை. நம் தமிழ் மேடையிலும் ஒருவர் இருந்தார். 1886இல் சிவகாசியில், முடிதிருத்தும் தொழில் செய்யும் குலத்தில் பிறந்த விசுவநாத தாஸ் அவர்களையே குறிக்கின்றோம். புராண நாடகத்தின் நடுவே விடுதலைப் பாட்டைப் பாடி, பறவையைப் பாடுவதுபோல் வெள்ளை ஆட்சியைச் சாடியவர். அதற்காகப் பலமுறை சிறை சென்றவர். ஊர்கள் அவர் குரலுக்குக் காத்திருந்தன. ஆயினும் சாதியைக் கருதி அவரோடு சேர்ந்து நடிக்கத் தயங்கியோர் அதே மேடையில் இருந்தனர். 1940ஆம் ஆண்டின் இறுதி நாளில் சென்னையில், முருகன் வேடத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கையில் அவர் உயிர் பிரிந்தது. ராப்சனைக் கொண்டாடும் தமிழ்க் குழந்தைகளுள் எத்தனை பேர் தாஸ் அவர்களை அறிவர்? கடல் கடந்த கொடுமையைக் கண்டு கொதிப்பது எளிது. வீட்டு முற்றத்தில் கிடப்பதைக் காண்பதுதான் அரிது.

ஆதலின், முன்னர்ச் சொன்ன கேள்விக்கு வருவோம். கார்முகில் வண்ணன் என்று கடவுளைப் பாடும் நாம், மகனுக்குப் பெண் பார்க்கையில் 'சிவந்த நிறமா?' என்று கேட்கின்றோம் அல்லவா? வேற்று மாநிலத்தார் நம் நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் முகம் சுளிக்கும் நாம், நம் வீட்டுப் பெண் குழந்தையைக் 'கறுப்பி' என்று அழைத்து மாவு பூசி அனுப்புகின்றோம் அல்லவா? விழா நாடகத்தில் அரசனுக்கும் அரசிக்கும் வெளுத்த முகத்தையும், அரக்கனுக்குக் கறுத்த முகத்தையும் தேடுவது எந்த நீதி? தாராவித் தமிழனும் மாதுங்காத் தமிழனும் ஒரே நகரத்தில், நடந்து செல்லும் தொலைவில் வாழ்ந்தும், ஒருவர் விழாவுக்கு மற்றவர் செல்லாத ஆண்டுகள் எத்தனை? பிறப்பினால் வேற்றுமை இல்லை என்று வள்ளுவர் வகுத்த நெறியை மேடையில் ஒப்பிக்கும் சிறுவன், கீழே இறங்கியதும் யாரோடு அமர்ந்து உண்கின்றான் என்பதைப் பெற்றோராகிய நாம் கவனித்தல் வேண்டும்.

பெரிய புரட்சி எதனையும் இங்கே வேண்டவில்லை. சிறு செயல்கள் மூன்றைச் சொல்லி அமைகின்றோம். வருகின்ற ஆண்டின் நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது, குரலும் நாவன்மையும் மட்டுமே அளவுகோலாகட்டும், நிறம் வேண்டா. விழாவின் தொடக்கத்தில் மங்கல நாகசுரம் ஒலிப்பது போலவே, தாராவி இளைஞரின் பறையும் அதே மேடையில், அதே மதிப்போடு ஒலிக்கட்டும். சங்க நூலகத்தில் விசுவநாத தாஸ் அவர்களின் வரலாறும் பால் ராப்சனின் வரலாறும் அடுத்தடுத்து இடம் பெறட்டும். பிள்ளைகள் இரண்டையும் எடுத்துப் படிக்கட்டும்.

இவற்றைச் செய்வோமாயின், 1958இல் இந்நகரத்துப் பெரியோர் எடுத்த விழாவில் நமக்கும் பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை பெறுவோம்.